அர்த்தநாரியின் பாதிக் கதை

கரியாலூர்
9-8-1987

அன்புள்ள அண்ணனுக்குச் செல்வி எழுதுவது. மலையில் நான் சுகம். தங்கமணி அண்ணிக்கு இடுப்புவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துவிட ஆளில்லை என்று போன தடவை குறைப்பட்டார்கள். நீங்கள் எதற்கு இருக்கிறீர்களாம்?

ஆகஸ்ட் 'கைரேகை' வந்து சேர்ந்தது. அட்டையில் இருக்கிற கத்தி வெங்காயம் அரிகிற கத்தி மாதிரி இருக்கிறது, போகட்டும். யார் முதலில் படிப்பது என்று எங்கள் பள்ளிக்கூடச் சமையற்காரருக்கும் வனக்காவலருக்கும் சண்டை. இரண்டு பேரையும் சந்தா கட்ட வைத்துவிட்டேன். வெள்ளிமலையில் ஒரு கம்பவுண்டரும் கட்டுகிறேன் என்கிறார். சாமை விளைகிற மலையில் கொலைக்கதைக்கு ஆள் பிடிக்கிற டீச்சர் நான் ஒருத்திதான்.

என் கதையின் பின்பாதியை இப்போதே அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். நடக்காது. நம் பத்திரிகை வழக்கம் என்ன? முதல் பாதி ஒரு மாதம். கொலைகாரன் யார் என்று வாசகர்கள் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் பின்பாதி அச்சுக்கு வரும். அதுவரை ஆசிரியருக்கும் தெரியக்கூடாது என்பது நானாகப் போட்ட சட்டம். ஏன் போட்டேன் என்று உங்களுக்கே தெரியும். முந்தின கதையில் விஷம் வைத்தது வைத்தியர்தான் என்று நீங்கள் அண்ணியிடம் சொல்ல, அண்ணி குழாயடியில் சொல்ல, இதழ் வருவதற்குள் கள்ளக்குறிச்சியே பேசியது. உங்கள் வாயில் ஒன்றும் தங்காது அண்ணா.

அர்த்தநாரி என்ற பேரில் எழுதுவது ஒரு டீச்சர் என்பதையாவது தயவுசெய்து தங்க வையுங்கள். நம் ரிஷிவந்தியத்துச் சாமி பேர், கோபித்துக்கொள்ளாது. பெற்றோர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

உங்கள் செல்வி


கள்ளக்குறிச்சி
27-8-1987

அன்புத் தங்கைக்கு அய்யனார் ஆசி. இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் அண்ணிக்கு வலி இடுப்பை விட்டு முழங்காலுக்கு இறங்கியிருக்கிறது. தைலத்தை நான்தான் தேய்க்கிறேன், சந்தோஷமா?

பத்திரிகைக்குப் பேர் வைத்த நேரம் சரியில்லை. நேற்று தியாகதுருகத்திலிருந்து ஒருவர் பிரஸ்ஸுக்கு வந்து கையை நீட்டினார். "ரேகை பாப்பீங்கன்னு சொன்னாங்கோ" என்றார். பார்த்து அனுப்பினேன். அவரும் சந்தா கட்டிவிட்டார்.

பெரிய கடைகளில் மெட்ராஸ் பத்திரிகைகளை அடுக்கி, நம்முடையதை அடியில் தள்ளுகிறார்கள். கலீலுல்லா பாய் மட்டும்தான் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிடுகிறார். அவருடைய அத்தர் விளம்பரம் பின்னட்டையில் இல்லாவிட்டால் பத்திரிகையே இல்லை. "கொலைக்கதைக்குப் பின்னால அத்தரா பாய்?" என்றேன். "மவுத்தானவங்களுக்கும் பூசறதுதானே அய்யனாரு" என்றார். நல்ல மனுஷன். ஆனாலும் இந்த வருஷத்தைத் தாண்டுவோமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லோரும் பேசுகிற மாதிரி ஒரு கதை கொடு பாப்பா.

அடுத்த மாதம் நம் சங்கத்துக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்டை மறிக்கப் போகிறார்கள். கேட்பது நியாயம்தான். ரோட்டோர மரங்களை வெட்டிப் போடுவோம் என்கிறார்களே, அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. நம் ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தே தீரவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். டவுனுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் நம் வீடு கணக்கில் இருக்கிறது. பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் வெறுந்தலையோடு அலையாதே.

அண்ணன்


கரியாலூர்
30-9-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் பத்திரமாக இருக்கிறீர்களா? அதை முதலில் எழுதுங்கள். இங்கே அரிசி தீர்ந்து சாமையும் கேழ்வரகும் பொங்கிப் பிள்ளைகளுக்குப் போட்டோம். ரேடியோவில் துப்பாக்கிச் சூடு, தீ வைப்பு என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். இன்றைக்குத்தான் பஸ் மலையேறி வந்தது.

கண்டக்டர் ஒரு செய்தி சொன்னார். "ரிஷிவந்தியம் பக்கம் ஒருத்தரு மரம் வுழுந்து பூட்டாருங்க டீச்சர். பிச்சைமுத்துன்னாங்க." நம் நிலத்தை வாரத்துக்குப் பயிர் செய்கிற பிச்சைமுத்துவா? நான் எட்டாவது படிக்கும்போது சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்து, நான் விழுந்ததும் என்னைவிடச் சத்தமாகக் கத்திய பிச்சைமுத்துவா? ரங்கம்மாள் எப்படி இருக்கிறாள்?

அந்த வாரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? ஊருக்குப் போனீர்களா? ஒன்றும் தெரியாமல் மலைமேல் உட்கார்ந்திருப்பது நரகமாக இருக்கிறது. உடனே பதில் போடுங்கள்.

செல்வி


கள்ளக்குறிச்சி
22-10-1987

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். பதில் தாமதமாகிவிட்டது. பேப்பர் லோடு வரவில்லை, அக்டோபர் இதழும் வரவில்லை. வேலை ஓடவில்லை.

செத்தது நம் பிச்சைமுத்துதான். நம் வயலை ஒட்டிய ரோட்டுப் புளியமரம். மறியல் நடந்தபோது வெட்டினார்கள். மறுநாள் காலையில்தான் அவரைக் கண்டார்கள். நான்தான் வண்டி பிடித்து உடலைக் கொண்டுபோய் வீட்டில் இறக்கினேன். ரங்கம்மாள் என்னைக் கும்பிட்டாள்.

நீ கேட்பாய் என்று எழுதுகிறேன். செருப்பு மரத்தண்டை இல்லை. வயல் வரப்பில் ஜோடியாகக் கிடந்தது, மண்வெட்டியும் அங்கேதான். அத்தனை பெரிய மரம் சாய்வது தெரியாதா, ஏன் விலகவில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ரங்கம்மாள் தம்பி ராசுவை ஞாபகம் இருக்கிறதா? உளுந்தூர்பேட்டையில் லாரி கிளீனர். பிச்சைமுத்து குடித்துவிட்டு அக்காவை அடித்தார் என்று டீக்கடையில் வைத்துக் கத்தியிருக்கிறான். "இன்னொரு தபா கை வச்சே, மாமன்னு பாக்கமாட்டேன், கொன்னுடுவேன்" என்றானாம். அதையும் பேசுகிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை. உன் அண்ணி கேட்டதாகச் சொன்னாள்.

அண்ணன்


கரியாலூர்
6-11-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதம் ஏனோ உங்கள் கடிதம் மாதிரி இல்லை. துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

என்னை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. தெரிந்த மனுஷனுக்காக அழுது முடித்த கையோடு பேனாவை எடுத்துவிட்டேன். இத்துடன் முதல் பாதி இருக்கிறது. எல்லோரும் பேசுகிற மாதிரி ஒன்று கேட்டீர்களே, இது பேசப்படும்.

அந்தச் செருப்பு என்னைத் தூங்கவிடவில்லை. வெறுங்காலோடு யார் ரோட்டுக்குப் போவார்? என் கதையில் அந்த மனுஷன் ரோட்டுக்கு நடந்து போகவே இல்லை, தூக்கிக்கொண்டு போகப்பட்டார். வயலில் வைத்து அடித்துக் கொன்றுவிட்டு, வெட்டிக் கிடந்த மரத்தின் அடியில் செருகிவிட்டார்கள். ஊர் முழுக்க மரம் வெட்டுகிற வாரத்தில் ஒரு பிணத்தை ஒளிக்க வேறு இடம் எதற்கு?

பேரையும் ஊரையும் மாற்றிவிட்டேன். கோபக்கார மைத்துனன் ஒருவன் வருகிறான். அவன் சும்மா, வாசகர்கள் சந்தேகப்படுவதற்கென்றே வைத்த ஆள். எல்லோரும் அவனைப் பிடித்துக்கொள்வார்கள், பின்பாதியில் அவன் இல்லை என்று கவிழ்த்துவிடுவேன். பிறகு யார் என்கிறீர்களா? வழக்கத்தை மாற்றமாட்டேன், சொல்ல முடியாது.

போடப் பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கோபமில்லை. ரங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது என்பதுதான் எனக்குத் தைரியம். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

செல்வி


கள்ளக்குறிச்சி
16-12-1987

அன்புத் தங்கைக்கு,

உன் உடம்பு எப்படி? இங்கே அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் ஜலதோஷம்.

உன் கதை வந்த இதழில் ஒரு பிரதிகூட மீதியில்லை. பாய் கடைக் கயிறு காலி. இரண்டு தடவை திரும்ப அச்சடித்தேன். சங்கராபுரம், சின்னசேலத்திலிருந்தெல்லாம் ஏஜென்சி கேட்டு ஆள் வந்தார்கள். இந்தப் பத்திரிகை பிழைக்காதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேனே, பிழைத்துவிட்டது.

விடை எழுதி அனுப்பினவர்களைவிடக் கடைக்கு நேரில் வந்து சொன்னவர்கள் ஜாஸ்தி. எல்லோரும் மைத்துனனைத்தான் சொன்னார்கள். நீ வைத்த பேரைக்கூடச் சொல்லவில்லை பாப்பா. "இன்னா பாய் இதுல யோசிக்க கீது, ராசுதான்" என்றார்கள்.

இன்ஸ்பெக்டர் பிரஸ்ஸுக்கு வந்தார். இதழைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். "யாருய்யா அர்த்தநாரி? எங்க டிபார்ட்மெண்ட்ல இருக்க வேண்டிய ஆளு. செருப்ப நாங்க கவனிக்கவே இல்ல" என்றார். சேலத்துக்காரர் என்று சொல்லிவைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் உளுந்தூர்பேட்டையில் லாரியிலிருந்தே ராசுவை இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். நன்றாக அடித்திருக்கிறார்கள். இப்போது ஜெயிலில் இருக்கிறான். ஒப்புக்கொண்டான் என்கிறார்கள்.

பின்பாதியை உடனே அனுப்பு. மைத்துனன் இல்லை என்று அழுத்திப் போடு. யாருமே கொல்லவில்லை என்று போட்டுவிடேன். ராசு அந்தப் பக்கமே வரவில்லை. பிச்சைமுத்து சேற்றில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார், அதனால் செருப்பு வரப்பில் கிடந்தது. கன்றுக்குட்டி புளியமரத்தடியில் கட்டியிருந்தது. மரம் சாய்வதைப் பார்த்துவிட்டு, கத்திக்கொண்டே அதை அவிழ்க்க ஓடினார். கன்று பிழைத்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. இதில் கதை ஒன்றும் இல்லை.

சீக்கிரம் அனுப்பு.

அண்ணன்


கரியாலூர்
23-12-1987

அண்ணனுக்கு,

அண்ணியும் பிள்ளைகளும் தேறியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ராசு ஜெயிலில் இருக்கிறான் என்ற வரியிலேயே நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு மிச்சத்தைப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன்.

மறுநாள் காலையில்தான் அவரைக் கண்டார்கள் என்று அக்டோபரில் எழுதினீர்கள். இப்போது, கத்திக்கொண்டே ஓடினார் என்று எழுதுகிறீர்கள். அவர் கத்தியதை யார் கேட்டது? ஓடியதை யார் பார்த்தது?

அந்த வாரம் எங்கே இருந்தீர்கள் என்று செப்டம்பரிலேயே கேட்டேன். உடலை வீட்டில் இறக்கியதை எழுதினீர்கள், மரம் விழுந்தபோது எங்கே இருந்தீர்கள் என்பதை எழுதவில்லை. இப்போது மறுபடி கேட்கிறேன். எதுவும் தங்காத வாயில் இது மட்டும் எப்படி அண்ணா தங்கியது?

செல்வி


கரியாலூர்
20-1-1988

அண்ணனுக்கு,

பொங்கலுக்கு வாழ்த்து வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நானும் போடவில்லை. இங்கே பிள்ளைகள் பொங்கல் வைத்தார்கள்.

நீங்கள் பதில் எழுதாததையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

பின்பாதி இதில் இருக்கிறது. முன்பு நான் யோசித்து வைத்திருந்த கொலைகாரன் வேறு ஒருவன், கெட்டிக்காரத்தனமான ஆள். அவனைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இதில் கொலைகாரன் கிடையாது. வீட்டுக்கு ஓர் ஆள் என்று சேர்ந்தவர்கள் பொழுது சாய்கிற நேரத்தில் மரத்தை அறுக்கிறார்கள். கன்றை அவிழ்க்க ஒருவன் ஓடி வருகிறான், மரம் அவன்மேல் விழுகிறது, அங்கேயே உயிர் போகிறது. போலீஸ் வந்துவிடும் என்று பயந்து எல்லோரும் ஓடிவிடுகிறார்கள். பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. மைத்துனன் மாட்டிக்கொள்கிறான். ஓர் எழுத்தையும் மாற்றாமல் போடுங்கள்.

உங்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. சந்தேகத்துக்கென்று ஒருவனை வைப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். ஒரு மாதம் அவனைக் கூண்டில் நிறுத்துவோம், அடுத்த மாதம் இறக்கிவிடுவோம், வாசகர்கள் கைதட்டுவார்கள். நடுவில் இருக்கிற அந்த மாதத்தில் உயிருள்ள ஒருவனைக் கொண்டுபோய் அடிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரிய மூளைக்காரி நான்!

நானே இறங்கி வந்து போலீஸில் சொல்லலாம் என்று கிளம்பினேன். பஸ்ஸுக்கு நின்றபோது, என்ன சொல்வேன் என்று யோசித்தேன். நான் எதையும் பார்க்கவில்லை, கற்பனைதான் செய்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

செல்வி


கள்ளக்குறிச்சி
24-2-1988

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்றே எழுதிவைக்கிறேன்.

போட்டுவிட்டேன். கம்பாசிட்டரிடம் கொடுக்காமல் நானே ஒவ்வோர் எழுத்தாகக் கோத்தேன். நீ சொன்னபடி எதையும் மாற்றவில்லை. அங்கேயே உயிர் போகிறது என்று எழுதியிருந்தாய். நல்லவேளை, அப்படி எழுதினாய்.

யாருக்கும் பிடிக்கவில்லை பாப்பா. ஒருவர் இதழைப் பாய் கடையில் வீசிவிட்டுப் போனார். "கொலகாரனே இல்லாம இன்னா கதை இது? ஏமாத்திக்கினு கீறீங்களா?" என்றார். சந்தா நிறுத்தச் சொல்லி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இன்ஸ்பெக்டரை வழியில் பார்த்தேன். "உன் அர்த்தநாரி கோட்ட வுட்டுட்டாருய்யா. மொத பாதி எழுதின மூள எங்க போச்சு?" என்று சிரித்தார். கதையில் இருப்பதுதான் சார் நடந்திருக்கும் என்றேன். முதுகில் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஊரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பிரஸ் வாசலிலேயே நின்றார்கள், உள்ளே வரவில்லை. "கதையோட நிறுத்திக்கினா எல்லாருக்கும் நல்லது. உனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க கீது" என்றார்கள். அவர்கள் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை, உனக்குத் தெரியும். என்னோடு சின்ன வயசில் ஏரியில் நீந்தினவர்கள்தான். தனித்தனியாகப் பேசிப் பார்த்தேன். ஒருவன் அழுதான். ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்றான்.

பாய் மட்டும் கதையை நின்று படித்தார். "அய்யனாரு, இது கதை மாதிரி இல்லியேப்பா" என்றார். நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் இதழை மடித்து இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

ராசுவுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை.

அண்ணன்


கரியாலூர்
4-3-1988

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க மனசு வரவில்லை, மன்னித்துவிடுங்கள்.

நான் இட்டுக்கட்டிய பாதியை ஊர் நம்பியது. உண்மையை எழுதிய பாதியைத் துப்பிவிட்டது. அப்படியென்றால் இனி என் பேனாவால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அர்த்தநாரிக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன், எனக்குப் பின்னால் நீங்கள் ஒளிந்துகொண்டீர்கள். இவ்வளவுதான் நம் பத்திரிகை.

நீங்கள் நேரில் போய், உங்கள் சொந்தப் பேரில், நான் அங்கே இருந்தேன் என்று சொன்னால்தான் ராசு வெளியே வருவான். வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள், நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஊர் தள்ளிவைக்கும். கேஸ் உங்கள்மேல் வரும். பிரஸ் போய்விடும். எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். அண்ணியையும் பிள்ளைகளையும் இங்கே அனுப்பிவிடுங்கள். என் குவார்ட்டர்ஸில் இடம் இருக்கிறது, பள்ளிக்கூடமும் இருக்கிறது.

போகாவிட்டால் எனக்கு அண்ணனே இல்லை என்று எழுத வந்தேன். எழுதமாட்டேன். மிரட்டி அனுப்பினால் அது நீங்கள் போனதாகாது. போனாலும் போகாவிட்டாலும் நீங்கள் என் அண்ணன்தான்.

"நல்லவேளை, அப்படி எழுதினாய்" என்று எழுதியிருந்தீர்கள். எது நல்லவேளை? கேட்கவே பயமாக இருக்கிறது. என்னிடம் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள்.

செல்வி


கள்ளக்குறிச்சி
21-3-1988

அன்புத் தங்கை செல்விக்கு அய்யனார் எழுதுவது.

கோர்ட் எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வக்கீல் உள்ளே போயிருக்கிறார். வந்து கூப்பிடுவார்.

நேற்று போலீஸுக்குத்தான் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் ரிஷிவந்தியம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ரங்கம்மாள் களத்தில் உளுந்து அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தடியைக் கீழே போட்டுவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "வாங்க, இன்னாங்க இம்மாந்தூரம்? தங்கமணியம்மா நல்லா கீறாங்களா?" என்றாள். எனக்கு அங்கேயே திரும்பிவிடலாம் போல இருந்தது.

"ராசு ஒண்ணும் பண்ணல ரங்கம்மா. அன்னிக்கி நான் அங்க இருந்தேன். ரம்பத்துல ஒரு பக்கம் புடிச்சிருந்தது நான்தான்" என்று சொன்னேன். கோத்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது, இதுதான் வாயில் வந்தது.

அவள் கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. "எந்தம்பி இல்லன்னு எனுக்குத் தெரியுங்க. அவனுக்கு வாயிதான் ஜாஸ்தி" என்றாள். சிதறிக் கிடந்த உளுந்தைக் கையால் கூட்டினாள். பிறகு கேட்டாள்.

"மரம் வுழுந்ததும் பூட்டாரா?"

"இல்ல."

"தண்ணி கிண்ணி கேட்டாராங்க?"

பொய் சொல்லியிருக்கலாம் பாப்பா. நீ எழுதியதையே சொல்லியிருக்கலாம், அங்கேயே உயிர் போய்விட்டது என்று. அவளுக்கும் அது நல்லதுதானே என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். முடியவில்லை. "கேட்டாரு" என்றேன். என் பேரைச் சொல்லித்தான் கேட்டார் என்றேன். லாரி சத்தம் வந்தது, எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன், அது போலீஸ் லாரிகூட இல்லை, கரும்பு லாரி என்றும் சொன்னேன்.

ரங்கம்மாள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்ன அடிச்சிப் போட்ட நாள்லகூட தண்ணி மட்டும் நான்தாங்க மோந்து குடுக்கணும் அந்தாளுக்கு. வேற யாரு குடுத்தாலும் குடிக்கமாட்டாரு" என்றாள். அப்போதுதான் அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத யாராண்ட சொல்லணும்?" என்று கேட்டாள். போலீஸ், கோர்ட் என்றேன். "அப்ப வாங்க, காலீல மொத பஸ்ஸுக்குப் போவலாம். எந்தம்பியக் கூட்டியாரணும்" என்றாள். ராத்திரி ஊரில் நம் வீட்டுத் திண்ணையில் படுத்தேன். இன்று காலையில் எனக்கு முன்னாலேயே பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து நின்றிருந்தாள். வரும் வழியில் பாய் கடையில் நின்று வக்கீல் யார் நல்லவர் என்று கேட்டேன். அவர் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்து வக்கீலிடம் விட்டுவிட்டுப் போனார்.

அண்ணியும் பிள்ளைகளும் நாளைக்கு மலைபஸ்ஸில் வருகிறார்கள். அண்ணி அழுதால் அழவிடு, ஒன்றும் சொல்லாதே. ஏப்ரல் இதழ் வராது. மலையில் சந்தா கட்டினவர்களுக்கு நீதான் தெரிவிக்க வேண்டும். நீ எழுதுவதை நிறுத்தாதே. நிறுத்தினால் அதையும் என் கணக்கில்தான் எழுத வேண்டியிருக்கும்.

வக்கீல் கை காட்டுகிறார். ரங்கம்மாள் அதற்குள் ரோட்டைத் தாண்டிவிட்டாள். கோர்ட் வாசலில் நின்றுகொண்டு, நான் வருகிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போகிறேன்.

அய்யனார்